காளையின் குணத்தைக் கன்றில் கண்டவர்

திருத்தணிப் பக்கத்தில் பசுவுக்குச் சினை ஊசி போட ஓட்டிச் செல்லும் குடியானவர், காளையைக் கண்ணால் காண்பதில்லை. காளை பால் கறக்காது. அதற்குப் பிறந்த கிடேரிகள் எவ்வளவு கறக்கின்றன என்று பார்த்தே அதன் தரத்தை அறிய வேண்டும். பிள்ளையை வைத்துத் தகப்பனை எடை போடும் இந்த வழியை 18-ஆம் நூற்றாண்டிலேயே கையாண்டவர் ஓர் ஆங்கிலேய விவசாயி. அவர் பெயர் ராபர்ட் பேக்வெல்.

1725-ல் லெஸ்டர்ஷயரில் உள்ள டிஷ்லியில் பிறந்தார். தகப்பனாருக்குப் பின் 440 ஏக்கர் குத்தகைப் பண்ணை இவர் கைக்கு வந்தது.

அக்காலத்தில் ஆணும் பெண்ணும் ஒரே மந்தையில் மேய்ந்தன. எது எதோடு சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. பேக்வெல் இரண்டையும் பிரித்து வைத்தார். தாம் விரும்பிய குணமுள்ளவற்றை மட்டும், நெருங்கிய உறவிலேயே சேர்த்தார். அது தகாத காரியம் என்று பலர் எண்ணிய காலம் அது!

முதலில் ஆடுகளில் வெற்றி கண்டார். கிடாக்களை விற்காமல் ஒரு பருவத்துக்கு வாடகைக்கு விட்டார். பிறர் மந்தைகளில் பிறந்த குட்டிகளைப் பார்த்து, எந்தக் கிடா உயர்ந்தது என்று தெரிந்துகொண்டார். சுமார் 1760-ல் ஒரு கிடாவுக்கு வாடகை 17 ஷில்லிங் 6 பென்ஸ். 1789-ல் மூன்று கிடாக்களுக்கு 1,200 கினி!

வீட்டில் எலும்புக்கூடுகளை வைத்திருந்தார். கறித் துண்டுகளை உப்பு நீரில் போட்டு வைத்து, தலைமுறைக்குத் தலைமுறை எலும்பு சிறுத்ததா, சதை கூடியதா என்று ஒப்பிடுவார். மாட்டை அடிக்க விடமாட்டார். அவருடைய பெரிய காளைகளை ஒரு சிறுவன் சிறு குச்சியோடு நடத்திச் செல்வானாம். வெளிநாட்டிலிருந்தும் விருந்தாளிகள் வந்தார்கள், அடுப்பங்கரையிலேயே உபசாரம். 1776-ல் திவாலானார். ஆனாலும் தொழிலை விடவில்லை.

மாடுகளில்தான் தவறினார். நீண்ட கொம்பு மாடுகளில் கறியையும் கொழுப்பையுமே பார்த்தார்; மடியைப் பார்க்கவில்லை. மாடு கொழுத்தது, பால் குறைந்தது, சினை பிடிப்பதும் குறைந்தது. விவசாயிகள் குட்டைக் கொம்பு மாடுகளுக்கு மாறினார்கள். அவற்றை வளர்த்த காலிங் சகோதரர்கள் பின்பற்றியதோ பேக்வெல்லின் முறைதான்!

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. தம் முறையை நூலாக எழுதவும் இல்லை. 1795 அக்டோபர் 1-ல் காலமானார். 1859-ல் டார்வின் தம் நூலில் பேக்வெல்லின் ஆடுகளைச் சான்று காட்டினார். அதற்குள் அந்த நீண்ட கொம்பு மாடுகள் அருகிப் போயிருந்தன.