கொசுவின் பெயர் சொன்னவர்

மலேரியா என்றதும் நம் நினைவுக்கு வருபவர் ரொனால்ட் ராஸ். 1897-ஆம் ஆண்டு செகந்தராபாதில், கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா கிருமியைக் கண்டறிந்த அவருக்கு 1902-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால், அந்தக் கொசு எந்த இனம் என்று அவரால் கூற இயலவில்லை. புள்ளிச் சிறகுக் கொசு என்றே குறித்து வைத்தார். அதனைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டியவர் இத்தாலிய விலங்கியலாளர் ஜியோவன்னி பட்டிஸ்டா கிராஸி.

வடஇத்தாலியில் ரோவெல்லாஸ்கா என்ற சிற்றூரில் 1854-இல் பிறந்த கிராஸி, மருத்துவம் படித்தும் விலங்கியலையே நாடினார். கண்ணாடி இலை போன்ற ஒரு சிறுமீனைத் தனி இனம் என்று அறிஞர்கள் கருதியிருந்த காலத்தில், அது விலாங்கு மீனின் இளம் பருவமே என்று நிறுவினார். 1896-இல் டார்வின் பதக்கம் பெற்றார்.

1898-இல் அவர் கையாண்ட வழி எளிமையானது. மலேரியா உள்ள ஊர்களிலும் இல்லாத ஊர்களிலும் கொசுக்களைச் சேகரித்து ஒப்பிட்டார். எங்கும் இருந்த இனங்களை விலக்கினார், எஞ்சியது அனாபிலிஸ். பிக்னாமி, பாஸ்டியனெல்லி ஆகியோருடன் இணைந்து அதனை ஆய்வின் வழி மெய்ப்பித்தார். 1900-இல் கபாச்சோ சமவெளியில், ரயில்வே ஊழியர் குடும்பங்களைச் சேர்ந்த 112 பேரை மாலை முதல் காலை வரை வலையடித்த வீடுகளில் காத்தார். ஐவருக்கு மட்டுமே நோய் கண்டது.

ஆயினும், நோபல் பரிசு ராஸுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. முன்னுரிமை குறித்த பூசல் கசப்பாக நீண்டது. மனம் நொந்த கிராஸி, திராட்சைக் கொடியை அழிக்கும் பூச்சியின் ஆய்வுக்குத் திரும்பினார். எனினும், முதலாம் உலகப் போர்க் காலத்தில் பியூமிசினோவின் மலேரியா நோயாளிகளிடையே மீண்டும் பணியாற்றினார். 1925-இல் மறைந்த அவரது உடல், அவர் விருப்பப்படி அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

ஒரு புதிர் மட்டும் அவிழாமல் நின்றது. சில ஊர்களில் அனாபிலிஸ் மிகுதி, மலேரியாவோ இல்லை. மறு ஆண்டே தொமெனிகோ பல்லெரோனி என்பவர், ஒரே இனமாகக் கருதப்பட்ட அக்கொசுக்களின் முட்டைகளில் வெவ்வேறு கோலங்கள் இருப்பதைக் கண்டார். தோற்றத்தில் ஒன்றாயினும் அவை பல இனங்கள். சில மனிதரை நாடுவன, சில கால்நடைகளை.

இன்று அந்த வேற்றுமையை மரபணு காட்டுகிறது. ரைபோசோம் ஆர்என்ஏவுக்கான மரபணுக்கள் உயிரினங்களில் பெரிதும் மாறுவதில்லை. அவற்றுக்கு இடையே உள்ள இடைவெளிப் பகுதியோ விரைந்து மாறுகிறது. ஆகவே, நெருங்கிய உறவுடைய கொசு இனங்களையும் அப்பகுதியின் வரிசையும் மடிப்பமைப்பும் பெரும்பாலும் பிரித்துக் காட்டிவிடுகின்றன.

இது நமக்கும் உரிய பாடம். இந்திய ஊர்ப்புறங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் குலிசிபேசிஸ், உண்மையில் ஐந்து உடன்பிறப்பு இனங்களின் தொகுதி. அவற்றுள் 'பி' இனம் நோயைப் பரப்புவதில் மிகவும் பின்தங்கியது. ராமேசுவரம் தீவில் கண்டறியப்பட்ட 'ஈ' இனமோ திறமையாகப் பரப்புவது. இனம் அறியாமல் மருந்து தெளிப்பது, முகவரி எழுதாத மடலுக்கு அஞ்சல்தலை ஒட்டுவதைப் போன்றது. செலவு நிச்சயம், பயன் ஐயம்.

உயிரினங்களை வகைப்படுத்தும் துறையை நம் கல்லூரிகள் பழைய பாடமென ஒதுக்கிவிடலாகாது. சில மாணவர்களை அதில் பயிற்றுவிக்க ஆகும் செலவு, வீணாகும் மருந்தின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியதே.