கல்லில் காலம் கண்டவர்

நுழையும்முன்

ஏடுகள் தோன்றுவதற்கு முன்பே மனிதன் வாழ்ந்தான். அவன் வாழ்வுக்குக் கல்லும் எலும்புமே சான்றுகள். அச்சான்றுகளைத் தென்னிந்தியாவெங்கும் தேடித் தொகுத்து, இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கு வழிவகுத்தவர் இராபர்ட் புரூஸ் ஃபூட். கொங்கு நாட்டின் ஏற்காட்டில் தம் முதுமையைக் கழித்த அவ்வறிஞரின் வாழ்க்கையை அறிவோம்.

இளமையும் பணியும்

இராபர்ட் புரூஸ் ஃபூட் 1834ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இங்கிலாந்தின் செல்ட்டன்காம் நகரில் பிறந்தார். 1858இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார். பாறைகளின் இயல்பை ஆராய்ந்து நிலப்படம் வரைவதே அவருக்கு இடப்பட்ட பணி. சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், தென்னார்க்காடு மாவட்டப் பகுதிகளின் நில அமைப்பைத் தம் தோழர் வில்லியம் கிங்குடன் ஆராய்ந்து எழுதினார். தமிழறிஞரும் ‘தினவர்த்தமானி’ இதழை நடத்தியவருமான பெர்சிவல் பாதிரியாரின் மகளை மணந்து, தமிழ் மண்ணோடு உறவு கொண்டார்.

பல்லாவரத்துக் கல்

அக்காலத்தில் ஐரோப்பாவில் பெரியதொரு விவாதம் நிகழ்ந்தது. பிரான்சு நாட்டின் சுங்க அலுவலர் பூஷே த பெர்த் என்பவர், சோம் ஆற்றுச் சரளைப் படிவுகளில் அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு கற்கருவிகளும் கிடைப்பதைப் பல்லாண்டுகளுக்கு முன்பே எடுத்துரைத்திருந்தார். அவர் தொழில்முறை அறிவியலாளர் அல்லர். எனவே, அறிஞர் பலர் அவர் கூற்றைப் பொருட்படுத்தவில்லை. 1859இல் ஆங்கில அறிஞர்கள் நேரில் சென்று ஆராய்ந்த பின்னரே அவ்வுண்மை ஏற்கப்பட்டது. ஆர்வலர் ஒருவரின் பொறுமை, மனித குலத்தின் வயதையே மாற்றி எழுதியது.

இச்செய்தி ஃபூட்டின் உள்ளத்தில் பதிந்தது. இந்திய மண்ணிலும் அத்தகைய தடயங்கள் இருக்கக்கூடும் என்று எண்ணித் தேடலானார். 1863 மே 30 அன்று, சென்னையை அடுத்த பல்லாவரத்துப் படை அணிவகுப்புத் திடலில், சரளைக்காகத் தோண்டப்பட்ட குழியில் செதுக்கப்பட்ட கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அது பழைய கற்கால மனிதன் ஆக்கிய கருவி. வழிப்போக்கர் பலர் கண்களுக்கு வெறுங்கல்லாகத் தோன்றியது, அவர் கண்ணுக்கு வரலாறாகத் தோன்றியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஃபூட்டும் கிங்கும் கொற்றலையாற்றுப் பகுதியில் உள்ள அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகள் பலவற்றைக் கண்டனர். அவ்வூரின் மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் தொன்மையுடையவை என 2011இல் வெளியான ஆய்வு நிறுவியது.

எலும்புகள் உரைத்த செய்தி

ஃபூட்டின் தேடல் கற்கருவிகளோடு நிற்கவில்லை. பெல்காம் மாவட்டத்துக் கோகாக் அருகே கிடைத்த காண்டாமிருகப் புதைபடிவத்தை ஆராய்ந்து 1874இல் விரிவாக எழுதினார். இன்று காண்டாமிருகமே இல்லாத தக்காணத்தில் அவ்விலங்கு முற்காலத்தில் உலவியது என்பதை அது காட்டியது.

கர்நூல் பகுதியின் பில்லசுர்கம் குகைகளில் எலும்புகள் உள்ளன என்பதை நியூபோல்டு என்னும் படை அலுவலர் 1844இல் குறித்திருந்தார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஃபூட்டும் அவர் மகன் ஹென்றியும் அக்குகைகளை அகழ்ந்து விலங்கெச்சங்கள் பலவற்றை வெளிக்கொணர்ந்தனர். ஆர்வலர் ஒருவர் எழுதிவைத்த குறிப்பு, அடுத்த தலைமுறையின் ஆய்வுக்கு விளக்காயிற்று.

தொகுப்பும் கொடையும்

1891இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஃபூட், பரோடா, மைசூர் அரசுகளுக்காகவும் புவியியல் பணியாற்றினார். பின்னர் ஏற்காட்டில் குடியமர்ந்து, தாம் திரட்டிய பொருள்களை வகைப்படுத்தினார். சேர்வராயன் மலைப்பகுதியில் கிடைத்த புதிய கற்காலக் கோடரிகளும் அவற்றுள் அடங்கும். ஒவ்வொரு பொருளும் எவ்வூரில் கிடைத்தது என்பதை அவர் குறித்து வைத்திருந்தார். இக்குறிப்பே அத்தொகுப்பின் உயிர். பிறந்த இடம் அறியப்படாத கல், முகவரி அழிந்த மடலைப் போன்றது. அதனால் எவருக்கும் பயன் விளையாது.

நானூற்றுக்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து திரட்டப்பட்ட அத்தொகுப்பைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1904இல் விலைக்கு வாங்கியது. சிதறிப் போயிருக்கக்கூடிய செல்வம், இவ்வாறு ஓரிடத்தில் நிலைபெற்றது. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் ஃபூட் மறைந்தார். அவரது அஸ்தி ஏற்காட்டுத் திருச்சபை வளாகத்தில் வைக்கப்பட்டது. அவருடைய விளக்கப் பட்டியல் 1914இலும், காலமும் பரவலும் பற்றிய குறிப்புகள் 1916இலும் நூல்களாக வெளிவந்தன.

தெரியுமா?

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் உள்ளது. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள் பழமையான இதனை, புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் வெளியுலகிற்கு அறிவித்தார். அரியலூர்ப் பகுதி ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்பதற்கு அங்குக் கிடைக்கும் நத்தை, சிப்பிப் புதைபடிவங்கள் சான்றாகும்.

நம் கடமை

சோமனூர் முதலான கொங்கு நாட்டு ஊர்கள் நிற்பது மிகத் தொன்மையான நைஸ் வகைப் பாறைமீது. வெப்பமும் அழுத்தமும் உருமாற்றிய அப்பாறையில் உயிர் எச்சங்கள் நிலைப்பதில்லை. ஆயினும், நொய்யல் கரையில் உள்ள கொடுமணல் காட்டுவதுபோல, மனிதத் தடயங்களுக்கு இம்மண்ணில் குறைவில்லை. கிணறு வெட்டும்போதோ சாலை அமைக்கும்போதோ அரிய பொருள் தென்படின், அதைப் பெயர்த்தெடுத்து வீட்டில் அழகுப்பொருளாக வைத்தல் கூடாது. இடத்தையும் ஆழத்தையும் குறித்து, படமெடுத்து, ஆசிரியருக்கும் அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்திற்கும் தெரிவித்தலே முறை. மண்ணுள் கிடப்பது ஒருவர் உடைமையன்று, வருங்காலத்தின் பொதுச்சொத்து. ஃபூட்டின் வாழ்க்கை நமக்குக் கற்பிப்பது இதுவே.

கற்பவை கற்றபின்...

1. கண்டெடுக்கப்பட்ட பொருளைவிட அது கிடைத்த இடம் பற்றிய குறிப்பு ஏன் இன்றியமையாதது? வகுப்பில் கலந்துரையாடுக.
2. உங்கள் ஊரில் உள்ள நடுகல், பழங்குளம், பாறை ஆகியவற்றைப் பற்றிய குறிப்பேடு ஒன்றை உருவாக்குக.