பக்கவாதத்துக்குப் பணியாத பாஸ்டர்

லூயி பாஸ்டர் என்றதும் வெறிநாய்க் கடிக்குப் போடும் ஊசி நினைவுக்கு வரும். நீலகிரி மாவட்டம் குன்னூரில் அவர் பெயரால் நடக்கும் நிலையத்தையும் பலர் அறிவார்கள். ஆனால் அந்த ஊசியைக் கண்டுபிடித்தபோது அவர் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தவர், இடது கை விறைத்துப் போனவர் என்பது அதிகம் பேருக்குத் தெரியாது.

பிரான்ஸ் நாட்டில் டோல் என்ற ஊரில், 1822-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் தேதி, தோல் பதனிடுபவரின் மகனாகப் பாஸ்டர் பிறந்தார். பால் புளிப்பதற்கும் திராட்சை மது கெடுவதற்கும் கிருமிகளே காரணம் என்று காட்டிப் புகழ் பெற்றார். 1865-இல் தென் பிரான்சில் பட்டுப்புழுக்கள் நோய் கண்டு மடிந்தபோது, அதை ஆராயும் பொறுப்பை அரசு அவரிடம் ஒப்படைத்தது.

1868 அக்டோபர் 19-ஆம் தேதி அவருடைய உடம்பின் இடது பக்கம் விறுவிறுவென்று மரத்தது. அதைப் பொருட்படுத்தாமல் அறிவியல் கழகக் கூட்டத்துக்குப் போய்க் கட்டுரை படித்துவிட்டுத் திரும்பினார். அன்றிரவே பேச்சு நின்றது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அப்போது அவருக்கு வயது 45. உடம்பின் இடது பக்கத்தை ஆட்டி வைப்பது மூளையின் வலது பக்கம். பாதிப்பு அங்கேதான்.

அன்றைய வைத்தியம் அட்டை விடுவது. காதுக்குப் பின்னால் 16 அட்டைகளை விட்டார்கள். பேச்சு மெல்லத் திரும்பியது. ஆனால் இவர் இனி எழமாட்டார் என்று எண்ணி, அவருக்காகக் கட்டிவந்த ஆராய்ச்சிக் கூடத்தின் வேலையை நிறுத்திவிட்டார்கள். இதையறிந்து பாஸ்டர் மிகவும் மனம் நொந்தார். மன்னர் மூன்றாம் நெப்போலியன் தலையிட்ட பிறகே வேலை மீண்டும் தொடங்கியது.

ஒரு வாரத்தில் அவர் படுக்கையிலிருந்தபடியே பட்டுப்புழு பற்றிய குறிப்பைச் சொல்லி எழுதச் செய்தார். 1869 ஜனவரியில் ரயிலில் படுத்தபடியே தென் பிரான்சுக்குப் புறப்பட்டார். மனைவி மரியும் உதவியாளர்களும் கைகொடுக்க, ஆராய்ச்சி தொடர்ந்தது. தாய்ப் பூச்சியை நுண்பெருக்கியில் சோதித்து, நோயில்லாத முட்டைகளை மட்டும் பொரிக்க விடும் அவருடைய முறை, நாம் பிழைக்க வந்த இந்தக் கர்நாடகத்துப் பட்டுத் தொழிலிலும் இன்று வரை கையாளப்படுகிறது.

1881-இல் ஆடு மாடுகளின் அடைப்பான் நோய்க்கு அவருடைய தடுப்பூசி வெற்றி கண்டது. 1885 ஜூலையில், வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டர் அவருடைய ஊசியால் உயிர் பிழைத்தான். உலகம் போற்றும் இந்த இரண்டும் பக்கவாதம் வந்த பிறகு நடந்தவை. 1895 செப்டம்பர் 28-ஆம் தேதி அவர் காலமானார். காலும் கையும் கடைசி வரை முழுதாகச் சரியாகவில்லை.

இன்றுள்ள பிசியோதெரபி முறைகள் அவர் காலத்தில் இல்லை. மூளையில் செத்துப்போன பகுதி திரும்ப உயிர் பெறுவதில்லை. ஆனால் பக்கத்திலுள்ள நல்ல பகுதிகள் அதன் வேலையைக் கற்றுக்கொள்ள முடியும் என்று இப்போது தெரிந்திருக்கிறது. நெல்லில் விரல் பிடித்து எழுதிப் பழகும் குழந்தையைப் போல, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் அது மூளையில் பதியும். டம்ளரைப் பிடிப்பது, சட்டைப் பொத்தான் போடுவது, நாற்காலியிலிருந்து எழுவது எல்லாமே பயிற்சிதான். முதல் மூன்று மாதங்களில் பலன் அதிகம். அதற்குப் பிறகும் முன்னேற்றம் உண்டு. அசைக்காமல் விட்டால் மூட்டுகள் இறுகிவிடும்.

நம்மவர்களில் சிலர் நோயாளியை ஊருக்கு அனுப்பி, புறா ரத்தம் தடவிக் கட்டிலோடு விட்டுவிடுகிறார்கள். பொன்னான அந்த மூன்று மாதம் இப்படியே போய்விடுகிறது. ஒரு பக்கம் மரத்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, பாஸ்டரைப் போல வேலைக்குப் போகாமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். டாக்டர் அனுமதித்த நாளிலிருந்தே பயிற்சியைத் தொடங்க வேண்டும். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது, தோள் கெட்டுவிடும்.

பாஸ்டருக்கு மன உறுதியும் அன்பான மனைவியும் இருந்தார்கள். முறையான பயிற்சி கிடைக்கவில்லை. நமக்கு இன்று அது பெரிய அரசு மருத்துவமனைகளிலேயே கிடைக்கிறது. பயன்படுத்திக்கொள்வது வீட்டாரின் கையில் இருக்கிறது.