ஏழை எதிரிக்கு யார் காவல்?

எலவனாசூர்கோட்டையில் ஓர் ஏழை மீது கொலைப் பழி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். போலீசார் திரட்டிய சாட்சியங்கள் எல்லாம் சர்க்கார் வக்கீல் கையில். ஏழைக்குச் சாதகமானதை அவர் மறைத்துவிட்டால்?

மறைக்கக் கூடாது. எப்படியாவது தண்டனை வாங்கித் தருவது அவர் வேலை அல்ல. உண்மையைக் கோர்ட்டார் முன் வைப்பதே அவர் கடமை.

அந்தப் பொறுப்பான பதவியை வகித்தவர் வி. எல். எத்திராஜ். 1890-ல் வேலூரில் பிறந்தவர். வெள்ளையர் ஆட்சியில் 'கிரௌன் பிராசிக்யூட்டர்' ஆன முதல் இந்தியர் அவரே!

எதிரிகளின் பக்கமும் அவர் நின்றார். 1944-ல் சென்னையில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலையுண்டார். தியாகராஜ பாகவதருக்கும் என். எஸ். கிருஷ்ணனுக்கும் 1945-ல் ஆயுள் தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மறுபடி சென்னை ஐகோர்ட்டுக்கு வந்தது. எத்திராஜ் வாதாடினார். 1947-ல் இருவரும் விடுதலை! ஆனால் சிறையில் போன ஆண்டுகள் திரும்பி வரவில்லை.

1948-ல் பெண்களுக்குக் கல்லூரி கண்ட எத்திராஜ், 1960-ல் மறைந்தார்.

பாகவதருக்கு லண்டன் வரை செல்ல வழி இருந்தது. ஏழைக்கு ஏது? சர்க்கார் வக்கீலின் நேர்மைதான் அவனுக்கு முதல் காவல்.