கட்டிகளின் குலம் கண்டவர்

சங்க மலரில் கட்டியைப் பற்றிய கட்டுரையா என்று இலக்கிய மாணவர்கள் முகம் சுளிக்க வேண்டா. கவிதையும் கதையும் எழுத நம்மிடையே நண்பர்கள் பலர் இருக்கிறார்கள். நான் மருத்துவ மாணவன். எனக்குத் தெரிந்ததைத்தானே எழுத முடியும்? ரூடால்ஃப் ஃபிர்கோ என்ற ஜெர்மானியப் பேரறிஞரின் வாழ்வைச் சிறிது சொல்ல விரும்புகிறேன். உடலில் தோன்றும் கட்டி எந்தக் குலத்தில் பிறந்தது என்று கேட்டவர் அவர்.

1821ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள், பொமரேனியாவில் ஷீவல்பைன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. தந்தை உழவர், ஊராட்சியின் பணக்கணக்கையும் பார்த்து வந்தார். செல்வக் குடும்பம் அன்று. அக்காலத்தில் பிரஷ்ய அரசு தன் படைக்கு மருத்துவர்கள் வேண்டித் திறமையுள்ள எளிய மாணவர்களைப் பெர்லினில் தன் செலவிலேயே படிக்க வைத்தது. அந்த வழியில் 1839இல் பெர்லின் சேர்ந்த ஃபிர்கோ, 1843இல் பட்டம் பெற்றுச் சாரிட்டே மருத்துவமனையின் பிணப் பரிசோதனைக் கூடத்தில் பணி ஏற்றார்.

1848இல் மேல் சைலீசியாவில் டைஃபஸ் காய்ச்சல் மக்களை வாரிக்கொண்டு போயிற்று. அரசு இந்த இளைஞரை ஆராய அனுப்பியது. அவர் கொண்டுவந்த அறிக்கையோ மருந்துப் பட்டியலாக இல்லை. பசியும் அறியாமையும் நல்லாட்சி இன்மையுமே நோய்க்கு வேர் என்று ஆட்சியாளர் முகத்துக்கு நேரே எழுதினார். அதே ஆண்டு பெர்லினில் புரட்சி வெடித்தபோது தெருத் தடுப்பரண்களில் மக்களோடு நின்றார். அரசு சினந்தது, 1849இல் அவர் பெர்லினை விட்டு வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் சென்றார். அடுத்த ஆண்டு ரோசா மேயரை மணந்தார். மாமனார் கார்ல் மேயர், பெர்லினில் பெயர்பெற்ற மகப்பேற்று மருத்துவர்.

வூர்ட்ஸ்பர்க்கில் அவருக்கு வாய்த்த தோழர் ஆல்பர்ட் கோலிக்கர். இரைப்பை, குடல், கருப்பை ஆகியவற்றின் சுவர்களில் நம் விருப்பத்திற்குக் கட்டுப்படாமல் இயங்கும் மென்தசை, கதிர் போல் நீண்ட தனித்தனி உயிரணுக்களால் ஆனது என்று காட்டியவர் அவர். இதை ஏன் சொல்கிறேன்? கருப்பையில் வளரும் கெட்டியான வெண்கட்டிகளை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அறுத்துப் பார்த்தால் கோரைப்பாய் முடைந்தாற்போல் சுழித்துச் சுழித்து இருக்கும். அதனால் நார்க்கட்டி என்றார்கள். உடலில் கசியும் நீர் உறைந்து அதிலிருந்து புதிய உயிரணு முளைக்கிறது என்பது அன்று பலர் கொண்டிருந்த கருத்து.

ஃபிர்கோ அதை ஏற்கவில்லை. உயிரணு பிறப்பது இன்னோர் உயிரணுவிலிருந்தே என்றார். (ராபர்ட் ரெமாக் இதை முன்னரே சொல்லியிருந்தார், புகழில் அவருக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை.) அப்படியானால் ஒவ்வொரு கட்டிக்கும் ஒரு தாய்த்திசு இருந்தாக வேண்டும் அல்லவா? நுண்ணோக்கியில் பார்த்தார். கருப்பைக் கட்டியில் இருந்தவை கருப்பைச் சுவரின் அதே தசை அணுக்கள்! மையோமா, அதாவது தசைக்கட்டி, என்று பெயரிட்டார். இரைப்பையிலும் உணவுக்குழலிலும் காணும் இவ்வகைக் கட்டிகளையும் அதே குடும்பத்தில் சேர்த்தார்.

பெயரில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஊரில் என் அத்தைக்குக் கருப்பையில் கட்டி என்று சொன்ன அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. தசைக்கட்டிதான், புற்று அன்று என்று ஆய்வுத் தாள் வந்த பிறகே பாட்டி சோறு உண்டார். ஆனால் மாதந்தோறும் குருதி இழந்து அத்தை வெளிறிப் போயிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தீங்கற்றது என்று நாங்கள் புத்தகத்தில் படிக்கும் கட்டி, சுமப்பவருக்குத் தீங்கே செய்யாதது அன்று.

1856இல் பெர்லின் அவரை மீண்டும் அழைத்தது. 1858இல் உயிரணு நோயியல் நூல் வெளிவந்தது. 1862-63 குளிர்காலத்தில் கட்டிகளைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவுகள் 1863 முதல் 1867 வரை நூலாயின. அப்பெருநூல் முற்றுப்பெறவில்லை, புற்றுநோய்க்கு உரிய பகுதி வரவே இல்லை. புற்று இணைப்புத் திசுவில் பிறக்கிறது என்று அவர் நம்பியிருந்தார். மேற்றோல் திசுவே அதன் தாய் என்று தியர்ஷும் வால்டயரும் நிறுவினர். தாய்த்திசுவைத் தேடக் கற்பித்தவரே இங்குத் தாயை மாற்றிச் சொன்னது விந்தைதான்.

அதனினும் பெரிய சோதனை 1887இல் வந்தது. பட்டத்து இளவரசர் ஃபிரெடெரிக்கின் குரல்வளையில் ஒரு கட்டி. ஆங்கில மருத்துவர் மெக்கன்சி சிறு துணுக்கைக் கிள்ளி எடுத்து அனுப்ப, ஃபிர்கோ அதில் புற்றுநோய்க் குறி இல்லை என்றார். பேரறுவை நின்றது. 1888 மார்ச்சில் இளவரசர் பேரரசரானார்; 99 நாள் ஆண்டு, ஜூன் 15இல் மறைந்தார். பிணப் பரிசோதனையில் புற்றுநோய் உறுதியாயிற்று. அங்கே ஃபிர்கோவும் இருந்தார், வால்டயரும் இருந்தார். அவர் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. கையில் வந்த துணுக்கில் கண்டதைச் சொன்னார். துணுக்கு முழுக்கட்டிக்காகப் பேசவில்லை. தாராள மனம் படைத்த மன்னர் என்று பலர் நம்பியிருந்தவர் அவர். பிஸ்மார்க்கை நாடாளுமன்றத்தில் எதிர்த்து நின்ற ஃபிர்கோவுக்கு அந்தச் சாவு எப்படி இருந்திருக்கும்!

அவர் போட்ட குலப்பட்டியல் பிற்காலத்தில் மாறியும் இருக்கிறது, நிலைத்தும் இருக்கிறது. இரைப்பையில் தசைக்கட்டி என்று நெடுநாள் எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை வேறு குலத்தவை என்பது, 1998இல் ஜப்பானிய அறிஞர்கள் கிட் என்னும் மரபணுவின் பிறழ்ச்சியைக் கண்ட பின் தெளிவாயிற்று. அவற்றுள் சில கொடியவை. கருப்பைக் கட்டி மட்டும் இன்றும் தசைக்கட்டிதான். 2011இல் ஃபின்லாந்து ஆய்வாளர் 225 கட்டிகளை ஆராய்ந்து, 159இல் மெட்12 என்ற மரபணு பிறழ்ந்திருப்பதைக் கண்டனர்.

பெர்லினுக்குக் கழிவுநீர்க் கால்வாய் அமையப் போராடியது, 1899இல் நோயுற்ற உறுப்புகளுக்கென்றே காட்சிச்சாலை திறந்தது எல்லாம் தனிக் கட்டுரைக்கு உரியவை. 1902 ஜனவரியில், எண்பது வயதில், ஓடும் டிராம் வண்டியிலிருந்து குதித்து இறங்கித் தொடையெலும்பை முறித்துக்கொண்டார். செப்டம்பர் 5இல் உயிர் பிரிந்தது. காட்சிச்சாலையில் அவர் சேர்த்தவற்றுள் பெரும்பகுதி இரண்டாம் உலகப்போரில் அழிந்தது. எஞ்சிய கண்ணாடிச் சாடிகள் இன்றும் பெர்லினில் இருக்கின்றன.