கிறிஸ்டியன் டாப்ளர்

அருப்புக்கோட்டையினின்று திருச்சுழி செல்லும் பாட்டையில் நின்றோர் இதனை அறிவர். கரிசல் வெளியில் ஊதிக்கொண்டு வரும் பஸ்ஸின் ஒலி, நெருங்குங்கால் கூர்மையாய்க் கேட்டு, நம்மைக் கடந்தவுடன் சட்டெனத் தாழும். இதற்குக் கணக்கு வகுத்தவர் கிறிஸ்டியன் டாப்ளர் ஆவார்.

இன்று ஆஸ்திரியாவிலுள்ள ஸால்ஸ்பர்க் நகரில், கற்றச்சர் குடும்பமொன்றில், 1803-ம் ஆண்டு நவம்பர் 29-ம் நாள் அவர் பிறந்தார். உடல் மெலிந்தவராதலின் உளியும் சுத்தியும் அவர்க்கு ஏலாவாயின. கணிதம் கற்றார், கற்றும் தக்க வேலை வாய்த்திலது. பருத்தி நூற்பாலை ஒன்றில் கணக்கெழுதிப் பிழைத்தார். ஆலைச் சங்கு கேட்டு விழிக்கும் நம் ஊரார்க்கு இச்செய்தி நெஞ்சிற் படும். உடைமைகளை விற்று அமெரிக்காவுக்குக் கப்பலேறத் துணிந்த வேளையில், 1835-ல், பிராக் நகரில் ஆசிரியப் பதவி கிட்டிற்று.

அந்நகரில் 1842 மே 25-ம் நாள், இரட்டை விண்மீன்களின் நிறங்களைக் குறித்துத் தம் கட்டுரையைப் படித்தார். ஒலியாயினும் ஒளியாயினும், அதன் தோற்றுவாய் நம்மை அணுகின் அலைகள் நெருங்கி வரும், அகலின் விலகி வரும் என்பதே அதன் சாரம். 1845-ல் ஹாலந்து நாட்டுப் பைஸ் பாலட் என்பார் ஓடும் ரயிலில் எக்காளம் ஊதுவோரை ஏற்றிச் சோதித்து, ஒலியளவில் அது மெய்யெனக் கண்டார். விண்மீனின் நிறமோ பெரும்பாலும் அதன் வெப்பத்தால் அமைவது. அவ்விடத்தில் டாப்ளர் தவறினார். எடுத்துக்காட்டுத்தான் பிழைத்தது, விதி பிழைக்கவில்லை. ஆயினும் 1852-ல் வியன்னாவில் பெட்ஸ்வால் என்னும் கணித அறிஞர் அவ்விதியையே எதிர்த்து வழக்காடினார். நோய் முற்றியிருந்த டாப்ளர் வெனிஸ் நகர் சென்று, 1853 மார்ச் 17-ல், தம் 49-ம் வயதில் உயிர் நீத்தார்.

நூறாண்டு கழிந்து, 1950-களில், ஜப்பானின் ஒசாகாவில் ஸடோமுரா என்பார் செவிக்கு எட்டா ஒலியை மார்பினுள் செலுத்தி, இதயத்தின் அசைவை இவ்விதியால் அறிந்தார். இன்று இதய அறுவை முடிந்தபின் மருத்துவர் அஞ்சுவனவற்றுள் இரண்டு: தைத்த வால்வின் ஓரத்தில் குருதி கசிகின்றதோ, இதயத் தசை புண்பட்டதோ என்பன. அறுவையினாலேயே தசைப் புரதம் குருதியில் மிகுமாதலின், இரத்தச் சோதனை மட்டும் போதாது. எதிரொலிப் படமோ இடத்தையே காட்டும். புண்பட்ட தசை அயல் தசையினும் மந்தமாய் அசையும். அவ்வேகத்தையும் கசியும் குருதியின் வேகத்தையும் அளப்பது டாப்ளரின் விதியே. மூட்டுக் காய்ச்சலால் வால்வு கெட்டு, மதுரையில் அறுவை பெறும் நம் வறள்நிலச் சிறுவனுக்கு, நெஞ்சை மறுமுறை பிளவாமலே உள்நிலை காட்டுவதும் இதுவே.

கருவியை நோக்கி வரும் குருதியைத் திரையில் செந்நிறமாகவும், விலகுவதை நீலமாகவும் தீட்டுவது வழக்கம். டாப்ளர் கணக்கின்படி அணுகும் ஒளியே நீலத்தை நாடும். மருத்துவர் அதனைத் தலைகீழாக்கிக் கொண்டனர்.