தத்துவ போதகர்: மதுரையில் ஓர் உரோமைத் துறவி

மதுரை நாயக்கர் ஆட்சி வைகைக் கரையில் வேரூன்றி நின்ற காலம். விசுவநாத நாயக்கர் வகுத்த பாளையப்பட்டு முறை, மேற்கு மலையடிவாரத்துக் கம்பம் பள்ளத்தாக்கு வரை பரவியிருந்தது. தமிழ்க்குடிகளுக்கு அருகிலேயே தெலுங்கும் கன்னடமும் பேசும் குடிகளும் இந்நிலங்களில் வந்து நிலைகொண்டன. நாயக்கனூர் எனவும் கவுண்டன்பட்டி எனவும் முடியும் ஊர்ப்பெயர்கள் அக்குடியேற்றத்தை இன்றும் நினைவூட்டுவன. உண்ணும் உணவு, உடுத்தும் உடை, நெற்றியில் இடும் குறி ஆகியவற்றைக் கொண்டே ஒருவர் இன்னார் என அறியப்பட்ட சமுதாயம் அது. அத்தகைய சமுதாயத்தின் தலைநகருக்கு 1606ஆம் ஆண்டின் இறுதியில், இருபத்தொன்பது அகவை நிரம்பிய இத்தாலிய இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். அவர் பெயர் இராபர்ட் தெ நொபிலி. தமிழுலகம் அவரைத் தத்துவ போதகர் என அறியும்.

1577ஆம் ஆண்டு உரோமை நகரில், செல்வமும் பெருமையும் மிக்க பிரபுக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பேரறிஞராகிய கர்தினால் பெல்லார்மின் அவருக்கு உறவினர். குடும்பத்தார் தடுத்தும் கேளாமல் நேப்பிள்சு நகரில் இயேசு சபையில் சேர்ந்தார். 1604இல் லிசுபனிலிருந்து கப்பலேறினார். வழியில் ஆப்பிரிக்கக் கரையோரம் கப்பல் விபத்துக்குள்ளாயிற்று. அதிலிருந்து தப்பி 1605ஆம் ஆண்டு மே மாதம் கோவாவை அடைந்தார். பின்னர் கொச்சிக்குச் சென்று, முத்துக்குளித்துறையில் சில மாதங்கள் தங்கித் தமிழின் முதற்பாடங்களைக் கற்றார்.

மதுரையில் அவருக்கு முன்னரே கொன்சாலோ பெர்னாண்டசு என்னும் போர்த்துக்கீசியக் குரு இருந்தார். போர்வீரராயிருந்து துறவியான அம்முதியவர் பள்ளியும் மருத்துவமனையும் நடத்தினார். எவராலும் குறைகூற இயலாத நல்லொழுக்கம் உடையவர். எனினும் கடற்கரையிலிருந்து வணிகத்தின் பொருட்டு வந்து தங்கிய பரதவக் கிறித்தவர்களுக்குத்தான் அவர் குருவாக இருக்க முடிந்தது. பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்தும் மதுரை மக்களில் ஒருவரேனும் அவரிடம் திருமுழுக்குப் பெற முன்வரவில்லை.

அதற்கான காரணத்தை நொபிலி விரைவில் உணர்ந்தார். போர்த்துக்கீசியரை மக்கள் பறங்கியர் என்றனர். மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர், நீராடாதவர், ஆசாரமற்றவர் என்னும் பொருள்களெல்லாம் அச்சொல்லில் அடங்கியிருந்தன. கொடுமை என்னவெனில், திருமுழுக்குப் பெற வந்தவரிடம் பறங்கிக் குலத்தில் சேர விரும்புகிறாரா என்று கேட்பதே வழக்கமாயிருந்தது! கிறித்தவன் ஆவதும் போர்த்துக்கீசியனைப் போல் ஆவதும் ஒன்றே என்று கேட்டவர்களும் நினைத்தனர்; கேட்கப்பட்டவர்களும் நினைத்தனர். அவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதே நொபிலி தம் வாழ்நாள் முழுவதும் செய்த பணி.

அவர் கறுப்பு அங்கியைக் களைந்து காவி பூண்டார். மரப் பாதுகை அணிந்தார். நெற்றியில் சந்தனம் இட்டார். சிலுவை கோத்த பூணூலும் தரித்தார். புலாலையும் மதுவையும் அறவே விலக்கி, சோறும் காய்கறியும் ஒருவேளை மட்டும் உண்டார். பிராமணர் ஒருவர் சமைத்தளித்தார். தனியே ஒரு மண்வீடு அமைத்துக்கொண்டு, தாம் பறங்கியல்லர் என்றும், உரோமை நாட்டு உயர்குடியில் பிறந்த துறவி என்றும் அறிவித்தார். முதலில் அவரைத் தேடி வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். இருபது நாட்கள் இருவரும் கடவுள், உயிர், படைப்பு, மறுபிறவி பற்றி வாதிட்டனர். முடிவில் ஆசிரியர் திருமுழுக்குப் பெற்றார்.

தெலுங்கும் வடமொழியும் அவர் கற்றமை தனிச்சிறப்புடையது. சிவதர்மர் என்னும் பிராமண அறிஞர் அவருக்கு வடமொழி கற்பித்தார். வேதத்தைப் பிறருக்குச் சொல்லித்தருவது பெருங்குற்றம் என்று கருதப்பட்ட நாளில் சிவதர்மர் மேற்கொண்ட இடர் சிறிதன்று. 1609இல் அவரும் கிறித்தவரானார். வடமொழியை ஆழ்ந்து கற்ற முதல் ஐரோப்பியருள் ஒருவர் என்ற பெருமை நொபிலிக்கு உண்டு. ஆயினும் மாணாக்கரைப் போற்றும் வரலாறு ஆசிரியரை மறந்துவிடுவது ஏனோ தெரியவில்லை.

எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. முதியவர் பெர்னாண்டசே 1610இல் மேலிடத்துக்கு முறையீடு எழுதினார். பூணூலும் குடுமியும் சந்தனமும் பிற சமயச் சின்னங்கள். அவற்றை ஏற்பது திருமறையைக் கறைப்படுத்துவது என்பது அவர் வாதம். அவை குலத்தையும் கல்வியையும் குறிக்கும் சமுதாய அடையாளங்களேயன்றி வழிபாட்டுச் சின்னங்கள் அல்ல என்பது நொபிலியின் மறுமொழி. தரும சாத்திரங்களிலிருந்து சான்று திரட்டி இலத்தீனில் விரிவான விடைகள் எழுதினார். கிராங்கனூர்ப் பேராயர் பிரான்சிசு ரோசு அவர் பக்கம் நின்றார். கோவாப் பேராயர் கிறித்தோவாவ் தெ சா கடுமையாக எதிர்த்தார். 1619இல் கோவாவில் கூடிய அவையில் பெரும்பான்மையோர் நொபிலிக்கு எதிராகவே பேசினர். இறுதியில், 1623 சனவரி 31ஆம் நாள் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி வெளியிட்ட ஆணை, பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றை நிபந்தனைகளுடன் அனுமதித்தது. உயர்குடியில் பிறந்த கிறித்தவர் தாழ்ந்தவராகக் கருதப்படும் உடன்கிறித்தவரை இகழலாகாது என்ற அறிவுரையும் அவ்வாணையில் இருந்தது.

அந்த அறிவுரைக்கு நேர்ந்த கதியை எண்ணிப்பார்க்க வேண்டும். நொபிலி தம் முறையைக் காக்கும் பொருட்டு, ஒரே சபையைச் சேர்ந்த பெர்னாண்டசுடன் வெளிப்படையான உறவை விலக்கினார். பரதவர் வழிபட்ட கோயிலினின்று வேறாகத் தமக்கொரு கோயில் கட்டினார். பண்பாட்டைக் காத்தார் என்று அவரைப் பாராட்டுவோர் இதனைக் கடந்துசெல்வர். சாதியைக் கோயிலுக்குள் கொணர்ந்தார் என்று பழிப்போர் இதனை மட்டுமே சொல்வர். குலப் பாகுபாட்டை அவர் உண்டாக்கவில்லை என்பது உண்மை. இருந்ததை ஏற்றுக்கொண்டு அதன்மேல் கட்டினார் என்பதும் உண்மையே. தாழ்த்தப்பட்ட மக்களை அணுக வேறு வழி வேண்டும் என்பதை உணர்ந்தே, 1640 முதல் பண்டார சுவாமிகள் என்னும் மற்றொரு துறவியர் அணி உருவாயிற்று. பல்தசார் தா கோசுதா அவர்களுள் முதல்வர். எல்லாக் குலத்தாரிடமும் சென்ற அவர்களிடமே பெருந்தொகையினர் வந்து சேர்ந்தனர்.

1623க்குப் பின் நொபிலி வடக்கு நோக்கி நடந்தார். திருச்சிராப்பள்ளி, சேலம், மோரமங்கலம் எனப் பணி விரிந்தது. 1640இல் மதுரையில் சிறைப்பட்டார். திருமலை நாயக்கர் ஆட்சிக்காலம் அது. விடுதலை கிடைத்ததெனினும் முதுமையும் பார்வைக் குறைவும் அவரை வாட்டின.

அவர் எழுதிய தமிழ் நூல்கள் பல. ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷண திக்காரம் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. செய்யுளே இலக்கியம் என்றிருந்த காலத்தில், தருக்கத்துக்கும் தத்துவத்துக்கும் உரைநடையைக் கருவியாக்கினார். வடசொல் மிகுந்த அந்நடை இன்று வாசிப்பவருக்குக் கரடுமுரடாகவே தோன்றும். வீரமாமுனிவரின் தெளிவை அதில் எதிர்பார்க்க இயலாது. எனினும் போர்த்துக்கீசியச் சொற்களை நீக்கிவிட்டு கோவில், பூசை, குரு, வேதம், வரப்பிரசாதம் போன்ற சொற்களைக் கிறித்தவ வழக்கில் நிலைநிறுத்தியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. இந்நூல்கள் நெடுங்காலம் ஏட்டிலும் கையெழுத்துப் படியிலுமே கிடந்தன. ச. இராசமாணிக்க அடிகளின் உழைப்பால் 1960களில் தூத்துக்குடியிலிருந்து பல அச்சேறின.

எழுதாத நூலுக்காகவும் அவர் பழி சுமந்தார். எசூர் வேதம் என்னும் பிரெஞ்சு நூலைப் பழைய வேதநூல் என்று நம்பி வால்தேர் ஐரோப்பாவெங்கும் புகழ் பரப்பினார். பின்னர் அது போலியெனத் தெரிந்தபோது, 1822இல் வெளிவந்த எல்லிசின் கட்டுரை அதனை நொபிலியோடு தொடர்புபடுத்தியது. அவருக்கு நெடுங்காலத்துக்குப் பின், பிரெஞ்சு இயேசு சபையார் ஆக்கியது அது என்பதே இன்றைய அறிஞர் துணிபு.

இறுதி நாட்களில் யாழ்ப்பாணத்துக்கும் பின்னர் மயிலாப்பூருக்கும் அனுப்பப்பட்டார். மயிலாப்பூரில் ஒரு குடிசையில், மதுரையில் தொடங்கிய அதே மரக்கறி உணவோடும் அதே ஒறுத்தலோடும் வாழ்ந்தார். கண்பார்வை ஏறக்குறைய அவிந்த நிலையிலும், பிறர் எழுத, தமிழ் நூல்களைச் சொல்லித் திருத்திக்கொண்டிருந்தார். 1656ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள், தம் எழுபத்தெட்டாம் அகவையில், அங்கேயே உயிர்நீத்தார்.